மேஸ்திரியின் குதிகால்

காலை ஆறு மணிக்கே எவாரிஸ்தோ மகள் வீட்டு வாசலில் நின்று சாய்வுப் பலகையை உதைத்துக்கொண்டிருந்தார். தரையிலிருந்து மாடி உயரத்துக்கு ஏறும் பலகை அது. இன்றைக்குக் கூரைக்குக் கான்கிரீட் போடுகிறார்கள். ஆட்கள் கலவை டின்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு இந்த வழியாகத்தான் மேலே ஓட வேண்டும். நல்ல காலால் மூன்று உதை விட்டார். சுத்தியலால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி ஊறுகிறதா என்று பார்த்தார். கடைசியில் குனிந்து மோந்தும் பார்த்தார்.

பலகையைச் செய்த தச்சர் லியோன்சியோ ஐந்தடி தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நெலிதா, அந்த ஆளுகிட்ட கேளு. இது யூகலிப்டஸா, இல்ல பழப்பெட்டிக் கட்டையா?"

நெலிதா அடுப்பிலிருந்து தலையைத் தூக்கினாள். "அப்பா, அவரு உங்க மூக்குக்கு முன்னாலதான் நிக்கிறாரு. நீங்களே கேளுங்க."

"நான் கேக்க மாட்டேன்."

"யூகலிப்டஸ்னு சொல்லும்மா," என்றார் லியோன்சியோ. "இன்னும் நக்கித்தான் பாக்கல. அதையும் பாத்துட்டா சந்தேகம் தீந்துடும்னு சொல்லு."

எவாரிஸ்தோ காதில் விழாதது போல நகர்ந்தார். அவர் எதையும் நம்புகிற ஆள் இல்லை. சிமெண்ட் மூட்டையைக் கிள்ளிப் பார்ப்பார். ஜல்லியைக் கழுவிப் பார்ப்பார். ரேடியோவில் மழை இல்லை என்று சொன்னால் பிளாஸ்டிக் தாள் வாங்கி வைப்பார். வான்காயோ மலையூரைச் சுற்றி அவர் நின்று போட்ட கூரைகள் இருநூறுக்குக் குறையாது. ஒன்றும் ஒழுகியதில்லை. அதனால் அவர் சந்தேகப்படுவதை யாரும் குறை சொல்வதில்லை.

ஆனால் அவர் உடம்பு வேறு கணக்கு. காறை எலும்பு ஒரு தடவை, விலா இரண்டு, இடது மணிக்கட்டு, கடைசியாக வலது குதிகால். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. அந்தப் பக்கத்தில் எந்தக் கூரை போட்டாலும், வேலை முடிந்து பீர் பாட்டிலைத் திறந்ததும், "மேஸ்திரி, குதிகால் கதையச் சொல்லுங்க" என்று யாராவது கேட்பார்கள். அவரும் காலணியைக் கழற்றி, கோணலாகக் கூடிய குதிகாலைக் காட்டிச் சொல்வார். மாவு மில்லுக்கு மேல்தளம் போட்ட நாள். அறுபதாவது டின். தோளில் முழுப் பாரம். பாதி வழியில் லியோன்சியோ செய்த பலகை உளுத்துப்போய்ப் படக்கென்று உடைந்தது. அவர் மேலிருந்து நேராகக் குதிகாலில் இறங்கினார். ஆஸ்பத்திரியை அவர் நம்பவில்லை. எலும்பு வைத்தியம் பார்க்கும் அம்மா வந்து பாம்புக் கொழுப்பு தடவிக் கட்டிவிட்டுப் போனாள். எட்டு மாதம் படுக்கை.

இது நடந்து பதினொரு வருஷம். இந்தக் கதையை எத்தனை கூரையில் சொன்னாரோ, அத்தனை கூரையிலிருந்தும் லியோன்சியோவுக்கு வேலை போனது. பள்ளத்தாக்கிலேயே நல்ல தச்சர். அவருக்கு ஒருவரும் சாரம் கட்டக் கொடுப்பதில்லை. கோழிக்கூடும் பழப்பெட்டியும் செய்து பிழைத்தார். இப்போது மகள் நெலிதா, அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அந்த மனிதரையே தேடிப் போய்ச் சென்ட்ரிங்குக்கும் சாய்வுப் பலகைக்கும் அழைத்து வந்துவிட்டாள். கேட்டதற்கு, "என் வீடு, என் கூரை" என்று சொல்லிவிட்டாள். ஏழு வருஷம் சந்தையில் உருளைக்கிழங்கு விற்று எழுப்பிய சுவர். அவளிடம் யார் என்ன பேச முடியும்?

ஏழு மணிக்கு ஆட்கள் ஒன்பது பேரும் வந்தார்கள். களைப்பு தெரியாமல் இருக்க மெல்லும் கொக்கா இலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு டின்களைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். நெலிதாவின் கணவன் ரோலினும் தோளில் சாக்கை மடித்துக் கட்டிக்கொண்டு அவர்களோடு சேர்ந்தான். நெலிதா எல்லோருக்கும் சோளமும் குடலும் போட்ட சூப்பை ஊற்றிக் கொடுத்துவிட்டு நடுவில் வந்து நின்றாள்.

"அண்ணன்மாரே, ஒரு விஷயம். கடைசி டின் மேல போற வரைக்கும் இங்க குடி கிடையாது. ஊதாச் சோளச் சாறு பானை நிறைய இருக்கு, வேணுங்கிற அளவுக்குக் குடிங்க. முடிஞ்ச பிறகு பீரும் உண்டு, வீட்டுல வளத்த கூய்க் கறி வறுவலும் உண்டு."

கூட்டத்தில் வாயாடி கிளிமாக்கோ. அவன்தான் முதலில் பேசினான்.

"சாறா? ஏன் நெலிதா, பால் பாட்டில்ல ரப்பர் போட்டுக் குடுத்துடேன்."

"உனக்கு வேணும்னா போட்டுத் தரேன்."

சிரித்தார்கள். மெஷின்காரன் மெஷினைச் சுற்றவிட, வேலை தொடங்கியது. கலவை மெஷின் சுற்றத் தொடங்கிவிட்டால் கூரைக்காரனுக்குப் பின்வாங்க வழி கிடையாது. ஒரு முனையில் தொடங்கிய கான்கிரீட் மறு முனையைத் தொடும்வரை நிற்கக்கூடாது. நடுவில் நிறுத்தினால் பழையது இறுகிவிடும், புதியது அதனோடு ஒட்டாது. அந்தக் கோட்டில் கீறல் விழுந்து ஆயுசுக்கும் தண்ணீர் இறங்கும். எவாரிஸ்தோ மேலே கம்பிகளுக்கு நடுவில் நின்று, "இங்க கொட்டு, அங்க கொட்டு" என்று கத்திக்கொண்டிருந்தார். ஆட்கள் லியோன்சியோவின் பலகையில் ஏறி ஓடி வந்தார்கள். அடிக்கு ஒரு குறுக்குச் சட்டமும் இரு பக்கமும் கைப்பிடியும் வைத்திருந்தார் மனுஷன். பலகை முனகக்கூட இல்லை. அது எவாரிஸ்தோவுக்கு எரிச்சலாக இருந்தது.

பத்தரை மணிக்கு, மூன்றில் ஒரு பங்கு முடிந்திருந்தபோது, புதுக் கூரைக்குச் சிலுவை வைத்து வாழ்த்தும் ஞானத்தகப்பனாக வர ஒப்புக்கொண்ட பௌலினோ வந்து சேர்ந்தார். கழுத்தில் சுற்றிய காகித ரிப்பன், கையில் பூ வைத்த சிலுவை, பின்னால் வண்டியில் ஆறு பெட்டி பீர், ஒரு பெரிய கேன் நிறையக் கரும்புச் சாராயம். வழக்கப்படி வர வேண்டியதெல்லாம் வந்தது. வழக்கப்படி முதல் குவளையை மண்ணுக்கு ஊற்றினார். இரண்டாவது குவளையை நிரப்பிக் கிளிமாக்கோவிடம் நீட்டினார்.

நெலிதா நடுவில் புகுந்து குவளையை வாங்கி, அதையும் மண்ணில் ஊற்றினாள். பெட்டிகளையும் கேனையும் ரோலினை விட்டுச் சமையலறைக்குள் தள்ளிப் பூட்டி, சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள். பௌலினோ முகத்தைச் சுளித்து, வேலை முடியும்போது வருவதாகச் சொல்லி வண்டியில் ஏறிப் போனார்.

"மண்ணு ரெண்டு குவளை குடிக்கலாம், மனுஷன் ஒண்ணு குடிக்கக்கூடாதா?" கிளிமாக்கோ டின்னை டங்கென்று கீழே வைத்தான்.

"மண்ணு பலகை ஏறப் போறதில்ல, அண்ணே."

"பாரு தங்கச்சி. முப்பது வருஷமா டின் தூக்குறேன். காஞ்ச தொண்டையோட போட்ட கூரை வெடிச்சுடும். இது எல்லாருக்கும் தெரியும். சரி, அத விடு. இந்தப் பலகைய யாரு செஞ்சது?" அவன் லியோன்சியோவைத் திரும்பிப் பார்த்தான். "மேஸ்திரி குதிகால வாங்கின ஆளு செஞ்ச பலகை. காலையில மேஸ்திரியே மோந்து பாத்தாரு, நான் பாத்தேன். அவரே நம்பலைன்னா நான் எப்படி நம்புறது? ரெண்டு குவளை உள்ள போனா பயம் தெரியாம ஏறுவேன். இல்லைன்னா ஏற மாட்டேன்."

முதலில் வேடிக்கைக்குத்தான் சொன்னான். ஆனால் மற்றவர்கள் சிரிக்கவில்லை. ஒருவர் பின் ஒருவராக டின்னை இறக்கி வைத்து அதன்மேல் உட்கார்ந்தார்கள். ஒருவன், "கொஞ்சம் முன்னால கூட ஏதோ சத்தம் கேட்டுச்சு" என்றான். இன்னொருவன் தனக்கும் கேட்டதாகச் சொன்னான். சத்தமே இல்லாத பலகையில் இப்போது ஒன்பது பேருக்கும் சத்தம் கேட்டது.

லியோன்சியோவுக்கு இது பதினொரு வருஷமாகக் கேட்கிற பேச்சுத்தானே. ஒரு டின்னை எடுத்தார், நிரப்பச் சொன்னார், தோளில் ஏற்றிக்கொண்டு தானே மேலே நடந்தார். அவருக்குப் பின்னால் ரோலின் ஏறினான். இரண்டு பேர் பத்துப் பேர் வேலையைச் செய்தால் கூரை எப்போது முடியும்? மேற்கே மலைக்கு மேல் மேகம் கருத்து வந்துகொண்டிருந்தது. எவாரிஸ்தோ கான்கிரீட்டின் ஓரத்தில் விரலை அழுத்திப் பார்த்தார். இறுகத் தொடங்கியிருந்தது. இன்னும் அரை மணி. அதற்குமேல் போனால் மகள் வீட்டுக் கூரைக்கு நடுவில் அந்தக் கோடு விழுந்துவிடும்.

நொண்டிக்கொண்டே கீழே இறங்கி வந்து மகளை ஓரமாக இழுத்தார்.

"ஆளுக்கு ஒரு குவளை குடுத்துடும்மா. ஒண்ணே ஒண்ணு. வேலை ஆகட்டும்."

"ஒண்ணோட நிக்குமா அப்பா?"

"நிக்காது," என்றார். பொய் சொல்ல நேரமில்லை.

"சரி, குடுக்குறேன்." நெலிதா சாவியை வெளியே எடுத்தாள். குரலைத் தாழ்த்தினாள். "ரோலினும் குடிப்பான். அவங்க குடிச்சா அவன் சும்மா இருக்க மாட்டான். அப்புறம் அவன் விழுந்தா பலகை உளுத்துப்போச்சுன்னு சொல்லிடலாம். கதைதான் ரெடியா இருக்கே."

நீட்டிய கையை எவாரிஸ்தோ இழுத்துக்கொண்டார்.

"அன்னைக்கு உங்க சட்டைய நான்தான் துவைச்சேன் அப்பா. ரெண்டு தண்ணி மாத்தியும் சாராய வாடை போகல. பலகையையும் போய்ப் பாத்தேன். முழுசா இருந்துச்சு. வெளிய சொல்லாதன்னு அம்மா சாகுற வரைக்கும் சொன்னா, சொல்லல. இப்பவும் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டிய ஆள் நான் இல்ல."

சாவியை அவர் கையில் வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் போய்விட்டாள்.

உலகத்தில் எதையும் நம்பாத மனுஷன், தான் கட்டிய கதையை மட்டும் பதினொரு வருஷமாக நம்பி வந்தார். சொல்லிச் சொல்லி அந்தப் பலகை படக்கென்று உடைந்த சத்தம்கூட அவர் காதில் இருந்தது. அப்படி ஒரு சத்தமே வரவில்லை என்பது இப்போது நினைவுக்கு வந்தது. கால் தவறியதும், வானம் சுற்றியதும்தான் நடந்தது. லியோன்சியோ அப்போது மேலிருந்து குதித்து ஓடி வந்து அவரைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டது அடுத்தபடியாக நினைவுக்கு வந்தது. அதை அவர் எந்தக் கூரையிலும் சொன்னதில்லை.

அந்த லியோன்சியோ இப்போது ஐந்தாவது டின்னோடு ஏறிக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயசு. கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துத்தான் ஏறினார்.

எவாரிஸ்தோ ஆட்கள் முன்னால் போய் நின்றார். கையில் சாவியைப் பார்த்ததும் கிளிமாக்கோ எழுந்தான். "அப்படி வாங்க மேஸ்திரி!"

"உக்காருடா. சாவி உனக்கு இல்ல. ஒண்ணு சொல்லணும், குறுக்க பேசாத." சாவியை மகள் பக்கம் வீசினார். "மாவு மில்லுல பலகை உடையல."

"என்னது?"

"காது அடைச்சிருக்கா? பலகை உடையலடா! நல்ல பலகை. இப்பவும் யாரு வீட்டுலயாவது அது மேல கோழி நடந்துக்கிட்டுதான் இருக்கும். நான் அன்னைக்கு ஒன்பது குவளை குடிச்சிருந்தேன். ஒன்பதோ பத்தோ, எண்ணத் தெரியுற நிலைமையில இல்ல. காலு போன இடத்துல பலகை இல்ல, அவ்வளவுதான். குடிச்சு விழுந்தேன்னு சொன்னா அடுத்த நாள்ல இருந்து எவனும் என்னை மேஸ்திரின்னு கூப்பிட மாட்டான். அதனால பலகைய உடைச்சேன். வாயாலதான் உடைச்சேன்."

பலகையில் பாதி ஏறியிருந்த லியோன்சியோ டின்னோடு அப்படியே நின்றுவிட்டார்.

எவாரிஸ்தோ மடித்த சாக்கைத் தோளில் போட்டார். டின்னை நிரப்பச் சொன்னார். மெஷின்காரன் தயங்கி முக்கால் டின் போட்டான். "எனக்கு மட்டும் என்ன தள்ளுபடியா? நிரப்புடா" என்று அதட்டி முழுசாக வாங்கிக்கொண்டார். கோணல் குதிகாலை ஒவ்வொரு குறுக்குச் சட்டத்திலும் ஊன்றி, மூச்சு வாங்க, மேலே போய்க் கலவையைக் கொட்டினார். விளிம்பில் வந்து கீழே பார்த்தார்.

"நல்லா கேட்டுக்கோங்க. இந்தப் பள்ளத்தாக்குல இதவிட நல்ல பலகைல நான் ஏறினதில்ல. எவனுக்குச் சத்தம் கேட்டுச்சோ அவன் காத வைத்தியர்கிட்டக் காட்டட்டும். இப்ப ஏறுறீங்களா, இல்ல நானும் லியோன்சியோவும் இந்தப் பையனுமே முடிச்சுக்கவா?"

கிளிமாக்கோ தலையைச் சொறிந்தான். டின்னை எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான்.

"மேஸ்திரி, என் மணிக்கட்டு உடைஞ்சுதே, போன வருஷம்... நாய் குறுக்க வந்துச்சுன்னு சொன்னேன்ல?"

"ஆமா, கறுப்பு நாய்னு சொன்ன."

"நாய் இல்ல."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அடுத்து ஒருவன் விலாவைத் தடவிக்கொண்டு, "எனக்குக் காத்து தள்ளிவிடல" என்றான். "பொண்டாட்டி கீழ இருந்து கூப்பிட்டான்னு சொன்னேன். அவ அன்னைக்கு ஊர்லயே இல்ல" என்றான் இன்னொருவன். சிரிப்பு பெரிதாகிக்கொண்டே போனது. சிரித்துக்கொண்டே டின்னை நிரப்பினார்கள், சிரித்துக்கொண்டே ஏறினார்கள். ஒருவன் காலும் தவறவில்லை. ஏறுகிறவன் இறங்குகிறவனிடம், "உனக்கு எந்த எலும்பு? உண்மையச் சொல்லு" என்று கேட்பதே அன்றைய விளையாட்டு ஆகிவிட்டது.

மதியம் இரண்டேமுக்காலுக்குக் கடைசி டின் மேலே போனது. எவாரிஸ்தோ மட்டப்பலகையை இழுத்துச் சமன் செய்தார். பிளாஸ்டிக் தாளை விரித்து ஓரத்தில் செங்கல் வைத்த பத்தாவது நிமிடம் ஆலங்கட்டி மழை கொட்டியது. எல்லோரும் புதுக் கூரைக்கு அடியில் முட்டுக்கழிகளுக்கு நடுவே ஒதுங்கினார்கள். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. திரும்பி வந்திருந்த பௌலினோ வழக்கப்படி ஒரு பாட்டிலை ரிப்பனில் தொங்கவிட்டு, நெலிதாவும் ரோலினும் பார்க்க உடைத்தார். நெலிதா தன் கையால் பீர் பாட்டில்களைத் திறந்து கொடுத்தாள். கூய் வறுவலும் உருளைக்கிழங்கும் தட்டுத் தட்டாக வந்தன.

எவாரிஸ்தோ ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு லியோன்சியோ பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பாட்டிலை நீட்டினார்.

"பதினொரு வருஷம் கோழிக்கூடு செஞ்சேன் மேஸ்திரி," என்றார் லியோன்சியோ.

"தெரியும்."

"கோழிங்க ஒரு நாளும் குறை சொல்லல."

"என்னைத் திட்டு. நாலு வார்த்தை திட்டிடு, எனக்கு நிம்மதியா இருக்கும்."

"அதுக்குத்தான் திட்டல." லியோன்சியோ பாட்டிலை வாங்கி ஒரு மடக்குக் குடித்தார். "திட்டினா இன்னையோட முடிஞ்சுடும். அந்தக் கதைய எத்தனை கூரையில சொன்னீங்களோ, அத்தனை கூரையிலயும் இதையும் சொல்லணும்."

"இருநூறு கூரை இருக்குமேய்யா. அதுக்குள்ள செத்துடுவேன்."

"அப்ப சீக்கிரம் ஆரம்பிங்க."

எவாரிஸ்தோ சிரித்துவிட்டார். அந்த மனிதரோடு சேர்ந்து சிரித்து எத்தனை நாளாயிற்று! நெலிதா அடுப்பருகில் நின்று இருவரையும் பார்த்துவிட்டு, இன்னொரு தட்டில் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தாள்.

காலையில் நடந்த பாதி தெரியாத பௌலினோ, ஞானத்தகப்பன் என்ற முறையில் வழக்கமானதைக் கேட்டார். "எங்க மேஸ்திரி, குதிகால் கதையச் சொல்லுங்க. அது இல்லாம கூரை நிறைவாகுமா?"

எவாரிஸ்தோ எழுந்தார். இந்தத் தடவை காலணியைக் கழற்றவில்லை. ஒன்பது பேரையும், மருமகனையும், மகளையும் ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"கதை ஒண்ணும் இல்ல, ஐயா. குடிச்சுட்டு ஏறினேன், விழுந்தேன். விழுந்தவன் ஒவ்வொருத்தனும் ஏன் விழுந்தேன்னு உள்ளதச் சொல்லியிருந்தா, நம்மள்ல பாதிப் பேருக்கு எலும்பு முழுசா இருந்திருக்கும். நான் பொய் சொன்னேன், அதனால எனக்குப் பின்னால வந்தவனும் குடிச்சுட்டே ஏறினான். வேலை முடியாம குடிக்காதீங்க. அதையும் மீறிக் குடிச்சு விழுந்தா, குடிச்சேன்னே சொல்லுங்க. பலகை மேல பழி போடாதீங்கடா. அதைச் செஞ்சவன் ஒருத்தன் இருக்கான், அவனுக்கும் வயிறு இருக்கு."